பூநாரைகளுக்குப் பின்னால் ஒரு ஆள்

கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். அதைக் கேட்டுவிட்டால் விஷயம் தெரிந்தவர் ஆகிவிடலாம் என்று ஒரு நினைப்பு. நான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். எடுக்கத் தெரிந்தால் கையில் இருப்பதே போதும், தெரியாவிட்டால் எத்தனை இருந்தும் தண்டம். கேட்டவர் முகம் சுருங்கிப் போகும். இதனால் பஜாரில் எனக்கு வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுத்ததும் இல்லை.

மரக்காணத்தில் மெயின் ரோட்டை ஒட்டி என் கடை. பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் பேருக்குத்தான். சோறு போடுவது கல்யாணங்கள். எங்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபரை விட மாட்டார்கள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் அந்தப் பக்கத்துக்குக் கேமராவோடு போகிற பெண்கள் ரொம்பக் குறைவு. அதனால் நான் என்ன பேசினாலும் பொறுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

என் கேமராவில் பதினாறு மெகாபிக்சல். வாங்கிய காலத்தில் அது பெரிய விஷயம். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற போனில்கூட அதைவிட அதிகம். உப்புக் காற்று பட்டுப் பட்டு அதன் திருகாணிகள் துருவேறிவிட்டன. பிடிமான ரப்பரை இரண்டு முறை பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் அது எடுத்துக் கொடுத்த படங்களை ஒருவரும் குறை சொன்னதில்லை. குறை சொன்னதெல்லாம் வேறு மாதிரி. ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு ஒரு புதுக் கேமரா எடுத்துக்கொண்டு போனேன். ஆல்பத்தைப் பார்த்த மணப்பெண்ணின் அம்மா, "என்னம்மா இது, என் மூஞ்சில இருக்குற முடியெல்லாம் எண்ணலாம் போல இருக்குது" என்று ஆல்பத்தை மூடி வைத்துவிட்டார். அந்த முகங்களையெல்லாம் மழமழவென்று ஆக்குவதற்கு ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பணம் கொடுத்துத் துல்லியத்தை வாங்குவது, அப்புறம் உட்கார்ந்து அதைத் துடைத்து எடுப்பது. இந்தக் கூத்தை நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன்.

அப்படிச் சிரித்ததில் அதிகம் அடிபட்டவர் சென்னையிலிருந்து வருகிற ஒருவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. உப்பளங்களில் பூநாரை இறங்குகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். குழந்தையைத் தூக்குவது போல லென்ஸை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு கரையில் நடப்பார். திரும்பும்போது என் கடையில் நின்று, லென்ஸ் மேல் படிந்த உப்பைத் துடைத்துத் தரச் சொல்வார். ஒவ்வொரு சீசனுக்கும் கையில் புதுக் கேமரா இருக்கும். கடைசியாக வாங்கியது அறுபது மெகாபிக்சலுக்கு மேல். எதற்கு சார் இவ்வளவு என்று கேட்டேன். தூரத்தில் இருப்பதையும் வெட்டி எடுத்துப் பெரிசாக்கலாம் என்றார். கிட்டப் போய் எடுக்க வேண்டியதுதானே என்றேன். போனால் பறந்துவிடும் என்றார். அப்போது அந்தப் பறவைக்கு உங்களைப் பிடிக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்றேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டார். ஒரே வருத்தம்தான் அவருக்கு. ஒவ்வொரு படமும் அவ்வளவு கனமாக இருக்கிறதாம், எத்தனை ஹார்ட் டிஸ்க் வாங்கினாலும் நிரம்பிவிடுகிறதாம். வேணும் உங்களுக்கு என்றேன்.

இப்படி வாய் பேசிக்கொண்டிருந்தவள்தான் நான். இனி சொல்லப்போவது என் வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் வளைகுடாவில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பெட்டி நிறைய சோப்பும் பால் பவுடரும் கொண்டு வருவார், வாய் நிறைய கதையும் கொண்டு வருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். இங்கே எந்த வேலையும் அவருக்கு ஒட்டவில்லை. பேச்சு குறைந்தது, பிறகு நின்றே போனது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். விடிகாலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு உப்பளம் பக்கம் நடக்கப் போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது தோளைக் கொஞ்சம் இறக்கி, தரையைப் பார்த்தபடி நடப்பார். வெயில் ஏறியதும் வந்துவிடுவார். டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். அதை ஒழுங்காகச் சாப்பிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அப்படி நடக்கப் போனவர் திரும்பி வரவில்லை. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பர்ஸ் சட்டையில் இருந்தது, சட்டை ஆணியில் தொங்கியது. சாம்பல் நிற டி-ஷர்ட், கட்டம் போட்ட கைலி, ரப்பர் செருப்பு. இவ்வளவுதான் அவரோடு போனது.

தேடினோம். போலீசில் சொன்னோம். ஜமாஅத்திலிருந்து பைக்கில் பிள்ளைகள் நாலா பக்கமும் போனார்கள். எக்கியார்குப்பத்திலும் அனுமந்தையிலும் படகுக்காரர்களிடம் கேட்டோம், கடல் எதையும் கொண்டு வந்து போடவில்லை என்றார்கள். அதைக் கேட்டு நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். ஆஸ்பத்திரிகளில் பெயர் தெரியாமல் கிடந்தவர்களைப் போய்ப் பார்த்தேன். நாகூர் போனேன். குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் நடமாடுகிற இடமெல்லாம் சுற்றினேன், அங்கே யார் எப்படி நடந்தாலும் ஒருத்தரும் என்ன ஏது என்று கேட்பதில்லை என்பதால். ஒவ்வொரு இடத்திலும் என் வீட்டுக்காரரின் படத்தை நீட்டினேன். நான் எடுத்த படம். கண் இமை வரைக்கும் தெரியும், தாடியில் நரைத்த முடியைத் தனியாகப் பார்க்கலாம். அதை வைத்து ஊர் ஊராக போஸ்டர் ஒட்டினோம். எங்கெங்கிருந்தோ போன் வந்தது. போய்ப் பார்த்தால் யாரோ. அவ்வளவு தெளிவான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாதங்கள் போயின. என் மாமியார் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட விடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நான் நிற்பதை யாரோ விரும்பவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. நான் யார் என்று எனக்கே தெரியாமல் இருந்தபோது அவர்களை என்ன சொல்வது? புருஷன் இருக்கிறவளா, இல்லாதவளா? கைம்பெண்ணாக இத்தா இருக்க வேண்டியவளா, வேண்டாதவளா? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் பொறுமையாக இரும்மா என்றார். எனக்குப் பொறுமை வேண்டாம், பதில் வேண்டும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. எங்கே இருந்தாலும் இருக்கட்டும், என்னை வேண்டாம் என்று போயிருந்தாலும் போகட்டும், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். ஒவ்வொரு தொழுகையிலும் அதை மட்டும்தான் கேட்டேன்.

பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் என் நாத்தனார் போனைக் கையில் பிடித்தபடி கடைக்குள் ஓடி வந்தாள். செருப்பு இல்லாமல் வந்திருந்தாள். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய படம். உப்பளத்திலிருந்து பூநாரைக் கூட்டம் எழும்புகிறது, நம்ம ஊர் அழகு பாரீர் என்று கீழே எழுதியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் வந்த படம். எனக்கும் வந்திருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை.

"பறவையைப் பாக்காதீங்க அண்ணி. பின்னாடி பாருங்க, கரையில."

பார்த்தேன். சிவந்த இறக்கைகளுக்கு அந்தப் பக்கம், பாத்திகளைத் தாண்டி, தூரத்துக் கரையில் ஒரு ஆள் நின்றிருந்தார். அரிசியை நட்டு வைத்தது போல அவ்வளவு சின்னதாக. கை பின்னால். வலது தோள் இறங்கியிருந்தது. தலை தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. அவர்தான். பதினேழு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள் சொல்கிறேன், அவரேதான்.

மாமியாரிடம் காட்டினோம். அவருக்குக் கண்ணில் புரை வேறு. போனை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "என் புள்ள" என்றார். அவ்வளவுதான். போனைத் திருப்பித் தரவில்லை.

எல்லாம் அந்தப் படம் எடுத்த தேதியில் இருந்தது. அவர் காணாமல் போவதற்கு முன்னால் எடுத்தது என்றால் அது வெறும் படம். பின்னால் எடுத்தது என்றால் அவர் உயிரோடு இருக்கிறார், எங்கள் ஊர் உப்பளத்தில், கூப்பிடு தூரத்தில். பூநாரை இந்தத் தடவை தை பிறந்துதான் இறங்கியது. ஆனாலும் போன வருஷத்துப் படமாக இருக்கலாமே? விரல்களால் திரையை அகட்டிப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து சதுரம். மாநிறமாக ஒன்று, கறுப்பாக ஒன்று. இன்னும் கொஞ்சம் தெளிவு இருந்திருந்தால், ஒரு துளி இருந்திருந்தால், தாடி தெரியும். தாடி தெரிந்தால் போதும். மெகாபிக்சல் எதற்கு என்று ஊரையே கேட்டவள், அந்த நிமிஷம் யா அல்லாஹ், இதைப் பெரிய கேமராவில் எடுத்திருக்க வேண்டும் என்று துஆ செய்தேன்.

எடுத்தது யார் என்று விசாரித்தால், அவர்தான். சென்னைக்காரர். அந்த அறுபது மெகாபிக்சல். என் துஆ நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அழுதுகொண்டே அவருக்குப் போன் செய்தேன். முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எடுத்த படத்தில் ஒரு ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது. தேதியைப் பார்த்துச் சொன்னார். இந்த வருஷம் மாசி மாதம் எடுத்தது. என் வீட்டுக்காரர் போனது ஐப்பசியில்.

உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் என் கையிலிருந்து போனை வாங்கி, ஒரிஜினலை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினாள். உடனே அனுப்பினார். திறந்தால் அதே சதுரங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்று அத்தனை பெரிய கேமரா வைத்திருக்கிற மனுஷனுக்கு அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. நான் கத்தினேன். டாக்குமெண்டாக அனுப்புங்கள் சார், நீங்கள் அனுப்பினது குப்பை என்றேன். அவர் மறுபடி அனுப்பினார். எங்கள் கடைத்தெருவில் நெட் இழுத்துக்கொண்டே இருந்தது. பாதியில் நின்றது. மறுபடி, மறுபடி நின்றது. கடைசியில் அவரே சொன்னார், நேரில் கொண்டு வருகிறேன் மேடம் என்று.

அதற்குள் நாங்கள் உப்பளத்துக்கு ஓடினோம். படத்தில் தெரிகிற கரையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, மோட்டார் கொட்டகை ஒன்று அடையாளம் இருந்தது. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களிடம் போஸ்டரைக் காட்டினேன். ஒரு அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி சுத்தமாக ஒருத்தரும் இங்கே வரவில்லை என்றார். அழுக்காக, தாடி வளர்ந்து, மெலிந்து வந்திருந்தால் என்று கேட்டேன். அப்படி எத்தனையோ பேர் ரோட்டோரமாகப் போகிறார்கள், யார் முகத்தைப் பார்த்தோம் என்றார். கொட்டகையில் ஒரு கிழிந்த சாக்கு விரித்திருந்தது. யார் வேண்டுமானாலும் படுத்திருக்கலாம். அந்தச் சாக்கை எடுத்து முகர்ந்து பார்த்தேன். உப்பு வாசனைதான் அடித்தது. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கரையிலேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர் வந்தார். கையில் லேப்டாப், ஹார்ட் டிஸ்க், தோளில் கேமரா. கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். மாமியாரை நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்தோம், நாத்தனார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் திறப்பதற்கே நேரம் ஆனது, அவ்வளவு கனம். திறந்ததும் திரை முழுக்க இறக்கை. பின்னால், கரையில், அவர். போனில் பார்த்ததைவிட நன்றாகவே தெரிந்தார். நாத்தனார் விசும்பினாள். கட்டம் போட்ட கைலி மாதிரித்தான் இருந்தது.

"பெருசாக்குங்க சார்" என்றேன்.

ஆக்கினார். தோள் அதே தோள். இன்னும் ஆக்கினார். இப்போது ஏதோ ஒன்று குலைந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தலை கழுத்தில் ஒட்டவில்லை, கொஞ்சம் தள்ளித் தனியாக மிதந்தது. இடுப்பு இரண்டாக மடிந்திருந்தது. கால் கரையைத் தொடவில்லை. கைலியின் கட்டம் என்று நினைத்தது கட்டமே இல்லை, ஏதோ நெளிவு. இன்னும் ஆக்கச் சொன்னேன். தண்ணீருக்குள் கிடக்கிற துணி மாதிரி ஒரு நிறம் நெளிந்தது. சதுரங்கள் இல்லை, படம் துல்லியமாகத்தான் இருந்தது. துல்லியமாக ஒன்றுமே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊர்க்காரிக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் உப்புப் பாத்தி மேல் கானல் எழும்பும், தூரத்தில் வருகிற லாரிகூட ஆடும். ஆனாலும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இதுக்கும் மேல உள்ள கேமராவுல எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "இல்லைங்க மேடம். நூறு இருந்தாலும் இதான். நடுவுல காத்து இருக்குது, காத்தைத்தான் அது எடுத்து வெச்சிருக்குது" என்றார்.

நான் விடவில்லை. பறவைக்காரர்கள் ஒரு படத்தோடு நிறுத்த மாட்டார்கள், விரலை எடுக்காமல் வரிசையாகச் சுடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கானல் ஒரே மாதிரி ஆடாது. ஒரு நொடியில் கலைந்தது அடுத்த நொடியில் கூடும். இதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அந்த ஆள் தலையை நிமிர்த்திய ஒன்று, இந்தப் பக்கம் திரும்பிய ஒன்று இருக்கும். இருந்தே தீரும். மற்றதைக் காட்டுங்கள் சார் என்றேன்.

அவர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு சொன்னார். அன்றைக்கு அந்த எழும்பலை மட்டும் நிறைய எடுத்திருக்கிறார். வீட்டுக்குப் போய், இறக்கை எல்லாம் நன்றாக விரிந்திருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டார். எப்போதும் செய்வதுதான். ஒவ்வொன்றும் அவ்வளவு கனம், வைத்துக்கொள்ள இடம் இல்லை.

என் பழைய கேமராவாக இருந்திருந்தால் எல்லாம் அதில் கிடந்திருக்கும். படம் சின்னது, எதையும் அழிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஆனால் அதன் கல்யாண வீட்டு லென்ஸில் அவ்வளவு தூரத்து ஆள் ஒரு புள்ளியாகக்கூட விழுந்திருக்க மாட்டார், நாத்தனார் ஓடி வந்திருக்க மாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். அந்த மனுஷன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். கோபம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்குப் போட்டிருந்த மெமரி கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். கேமராவில்தான் இருந்தது. அதற்கப்புறம் பல ஞாயிறுகள் அதன் மேலேயே எடுத்திருக்கிறார். இருந்தாலும் வாங்கினேன். கல்யாண வீட்டார் தெரியாமல் அழித்த படங்களை மீட்டுக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்கான சாஃப்ட்வேர் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கார்டைச் சொருகினேன். அது தேட ஆரம்பித்தது. நாங்கள் நாலு பேரும் அந்தப் பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியான ளுஹர் பாங்கு சொன்னார்கள். மாமியார் உட்கார்ந்தபடியே தொழுதார். நான் எழுந்திருக்கவில்லை.

ஒவ்வொன்றாக வந்தது. போன வாரத்துக் கொக்கு. அதற்கு முந்தின வாரத்து நீர்க்காகம். அப்புறம் ஒரு பூநாரை. அதே எழும்பல், அதே வெளிச்சம். நான் எழுந்து நின்றுவிட்டேன். மேலே வானம் வந்தது, இறக்கைகள் வந்தன, மோட்டார் கொட்டகையின் கூரை வந்தது. கரை தொடங்க வேண்டிய இடத்தில் படம் அறுந்து, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அடுத்ததும் அப்படியே. இன்னொன்றில் சாம்பல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அந்த ஆளின் தலை மட்டும் இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. சத்தியமாக நிமிர்ந்திருந்தது. கேமராவைப் பார்க்கிற மாதிரி. பெரிசாக்கினேன், அது கரைந்தது. குறைத்தேன், அவர் வந்தார். மறுபடி பெரிசாக்கினேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ தெரியாது. சார் மெதுவாக என் கையை மவுஸிலிருந்து எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போய் நின்றது. அவ்வளவுதான் இருந்தது.

"நெசமாச் சொல்லுங்க சார். இது அவரா, இல்லையா?" என்று அவரைக் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரைக் கேட்டேன், ஏனென்றால் வேறு யாரையும் கேட்க முடியாது. எனக்கே தெரியவில்லை என்று அப்போதுதான் முதன்முறையாக எனக்குத் தோன்றியது. போனில் பார்த்தபோது அவர்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். இவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிறகு, தோளும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. கூடக் குடித்தனம் செய்தவள் என்று சொல்வதற்கே வாய் கூசியது. நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். கடையில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை.

மாமியார் நாற்காலியை இழுத்துக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் வந்தார். திரையில் அந்த நெளிகிற நிறம் இன்னும் இருந்தது. புரை விழுந்த கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் சார் பக்கம் திரும்பினார்.

"தம்பி, முதல்ல காட்டினதைக் காட்டுப்பா."

சார் படத்தைச் சுருக்கினார். இறக்கைகள் திரும்பி வந்தன. தூரத்தில், கரையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோள் இறங்கி, தலை குனிந்து அவர் நின்றார். மாமியாரின் முகம் இளகியது. விரலால் திரையைத் தொட்டார். பிரிண்ட் போட்டுக் கொடு என்று என்னிடம் சொன்னார். வீட்டுச் சுவரில் படம் மாட்டினால் வானத்து மலக்குகள் வர மாட்டார்கள் என்று என் கல்யாணப் படத்தையே மாட்ட விடாதவர்.

எனக்கு ஆத்திரம் வந்தது. மாமி, அது யாரென்றே நமக்குத் தெரியாது, வெறும் கானல், யாரோ ஒரு வழிப்போக்கனாகக்கூட இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வேண்டியது பதில், படம் இல்லை. பதில் எங்கேயும் இல்லை என்கிற வெறியில், எவ்வளவு பெரிசாக வேண்டும், சுவர் அளவுக்குப் போடட்டுமா என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அவருக்கு அது குத்தவில்லை. பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. சின்னதாவே போடு. பெருசாக்குனா அவன் போயிடுறான்."

சின்னதாகவே போட்டேன். பிரிண்டரிலிருந்து வந்ததை ஈரம் காய்வதற்குள் வாங்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் போய் சோறு வடிக்க வேண்டும் என்றார், அவன் எந்த நேரத்திலும் வருவான் என்றார். மாமியார் போன பிறகு எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன்.